பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகளையும் அப்ரண்டீஸ் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் நடக்கவிருக்கும் தொழிற்பழகுநர் (அப்ரண்டீஸ்) சேர்க்கை முகாம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் வரலாம், உதவித்தொகையுடன் பயிற்சி, முடிவில் தேசிய அளவில் செல்லுபடியாகும் சான்றிதழ் என்று விவரம் நன்றாகவே கொடுத்திருந்தீர்கள். ஆனால் அதைப் படிக்கிற பெற்றோருக்கு அப்ரண்டீஸ் என்றால் பெரிய கம்பெனி, பெரிய கேட், யூனிஃபார்ம் என்றுதான் மனதில் பதியும். அந்தக் கேட்டுக்கு வெளியே, சின்னச் சின்னப் பட்டறைகளில் தொழில் பழகும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கோ.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு லேத் (இரும்பு கடையும் மெஷின்) பட்டறை நடத்துகிறோம். மூன்று லேத், ஒரு ஷேப்பர், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங், வெல்டிங் செட். மெஷின் பக்கம் முழுக்க அவர். பில், ஜி.எஸ்.டி., சம்பளம், பேங்க் எல்லாம் நான். ரைஸ்மில் ஷாஃப்ட், பம்ப்செட் புஷ், கரும்பு கிரஷருக்கு ரோலர், பேருந்து பாடி கட்டுகிறவர்களுக்கு பின், பிராக்கெட் என்று ஜாப் ஒர்க்தான். எங்களை மாதிரிப் பட்டறைகள் புதூரில், கப்பலூரில், ஜெய்ஹிந்த்புரத்தில், திருமங்கலம் ரோட்டில் என்று மதுரையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. எந்தப் பட்டறையில் நுழைந்தாலும் வேலை பழக வந்த பையன் ஒருவனாவது இருப்பான். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது.

எங்களிடம் பழகிய ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரையூர்ப் பக்கம் அவனுக்கு. பத்தாவது முடித்த கையோடு அவன் மாமா கூட்டிக்கொண்டு வந்து விட்டார். முதலில் மெஷின் துடைப்பது, கடைசலில் விழும் இரும்புச் சுருள் அள்ளுவது, இரும்புக் கடைக்குப் போய் ராடு தூக்கி வருவது. அப்புறம் டிரில்லிங். அப்புறம் லேத்தில் ஃபேஸிங், டர்னிங். மூன்றாவது வருஷத்தில் தனியாக ஸ்கொயர் திரெட் (சதுர மரை) வெட்ட ஆரம்பித்துவிட்டான். டூல் சரியாகக் கடிக்கிறதா, முனை மழுங்கிவிட்டதா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். இருபது வருஷ மேஸ்திரிகள் சிலருக்கே அந்தக் காது இருக்கும்.

தங்கச்சி கல்யாணக் கடன். கூடுதல் சம்பளம் வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனான். எங்கே டிரெயினிங் எடுத்தாய், சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பட்டறை லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த அனுபவக் கடிதத்தைக் காட்டியிருக்கிறான். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, காண்ட்ராக்டில் ஹெல்ப்பராக எடுத்து லோடிங் பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே வரிசையாக மெஷின் ஓடிக்கொண்டிருக்க, இவன் பெட்டி தூக்கினான். அவன் போனில் சொன்னபோது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. கையில் அவ்வளவு வேலை இருந்தும், காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை.

என் வீட்டுக்காரரின் கதை வேறு. புதூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்துவிட்டு, ஒரு பெரிய கம்பெனியில் சட்டப்படி அப்ரண்டீஸாக இருந்தவர். அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழை லேமினேட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். அதை வைத்துத்தான் ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. அங்கே சம்பாதித்த காசில்தான் முதல் லேத் வாங்கினோம். அவரைவிட அந்தப் பேரையூர்ப் பையன் கைத்திறமையில் ஒரு படி மேல் என்று அவரே சொல்வார்.

இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரியவில்லை. அப்ரண்டீஸ் சட்டம் 1961-ல் வந்தது. அது பெரிய தொழிற்சாலைகளின் சமாச்சாரம் என்று எங்களைப் போன்றவர்கள் ஒதுங்கியே இருந்துவிட்டோம். 2019-ல் விதிகளைத் திருத்தினார்கள். ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டீஸ் எடுக்க வேண்டும், மொத்த ஆட்களில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை. நான்கு பேர் முதல் 29 பேர் வரை இருக்கும் இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். ஆறு ஏழு பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, மோட்டார் ரீவைண்டிங் கடை, கார் சர்வீஸ் நிலையம் எல்லாமே இந்த இரண்டாவது வகையில் வந்துவிடும். அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை, கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. நுழைகிறவர்கள்தான் குறைவு.

ஏன் குறைவு என்று பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். முதல் பயம், பதிவு செய்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., லேபர் ஆபீஸ் என்று எல்லாம் வந்துவிடும் என்பது. சட்டப்படி பதிவான அப்ரண்டீஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை என்று அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவே சொல்கிறது. அவருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை. உண்மையில் பார்த்தால் ஏட்டில் இல்லாமல் ஒரு பையனை நிறுத்தி வைத்திருப்பதுதான் முதலாளிக்கு ஆபத்து. அவனுக்கு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் யார், எதற்கு அங்கே நின்றான் என்பதற்கு ஒரு பதிலும் இருக்காது.

அடுத்தது காசு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகளும் தயங்குகிறார்கள். 2019 விதிப்படி மாத உதவித்தொகை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. பத்தாவது முடித்தவருக்கு 6,000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் வருஷம் இதற்கு மேல் 10 சதவீதம் கூடும். தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று 2016-ல் கொண்டுவந்தார்கள். அதில் உதவித்தொகையின் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 2023-லிருந்து அந்தப் பங்கு நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு 7,000 என்று வைத்துக்கொண்டால் பட்டறை கொடுப்பது 5,500, அரசு கொடுப்பது 1,500.

முதலாளிக்கு இது லாபம்தான். பையன் போடும் கணக்கு வேறு. எங்கள் பட்டறையில் ஒருவன் நேராகவே கேட்டான்: “அக்கா, நாளுக்கு நானூறு வாங்குறேன். இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா மாசம் ஏழாயிரம்தானா?” அவன் கேட்டது நியாயம். வீட்டில் அவன் சம்பளத்தை எதிர்பார்த்து அரிசி வாங்குகிறார்கள். படிப்புக் காலம் என்று சொல்லி வருமானத்தைக் குறைத்துக்கொள்ள எல்லாருக்கும் வசதி இருக்காது. ஆனால் விதியில் சொல்லியிருப்பது குறைந்தபட்சத் தொகை. கூடக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. நாங்கள் அவன் வாங்கிக்கொண்டிருந்ததற்குக் குறையாமல் உதவித்தொகையை எழுதினோம். அவன் எப்படியும் பட்டறையில் வேலை செய்துகொண்டேதான் பழகுகிறான், அந்தப் பணம் அவனுக்குப் போக வேண்டியதுதான். பக்கத்துப் பட்டறை நண்பர்களிடம் நான் வேண்டுவதும் இதைத்தான். குறைந்தபட்சத்தைக் காட்டிப் பையனின் சம்பளத்தைக் குறைத்தால் அடுத்த ஆள் வரவே மாட்டான்.

உதவித்தொகையைப் பீஸ் ரேட்டில் கணக்குப் பண்ணக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அப்ரண்டீஸ் பயிற்சியைக் கவனிக்கும் அரசு ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் கூடாது. இரண்டும் ரொம்ப நல்ல ஏற்பாடு. பீஸுக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தால் பழகுகிற பையன் எண்ணிக்கையைத்தான் பார்ப்பான், அளவைப் பார்க்க மாட்டான். அளவு பார்க்கும் பழக்கம் முதல் வருஷத்தில் கைக்கு வரவில்லை என்றால் பிறகு வருவது கஷ்டம்.

பதிவு செய்வது இணையதளத்தில்தான். அதில் எங்களை அதிகம் அலையவிட்டது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பெயருக்குப் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் கணினி ஏற்றுக்கொள்ளாது. தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை இல்லாத வீடு எது? ஆதாரைத் திருத்தி வர வேண்டும், வங்கிக் கணக்கோடு இணைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அதற்காக வரிசையில் நிற்கும்போதே பாதிப் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகிறது. பட்டறைக்காரருக்கும் அப்படித்தான். காலையில் கரண்ட் இருக்கும்போது மெஷின் ஓட்டுவாரா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாரா?

அதனால்தான் கேட்கிறேன். வருஷத்துக்கு ஓரிரு முறை ஏதாவது வளாகத்தில் முகாம் போடுவதோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் நிறுத்திக்கொள்ள வேண்டாம். மாதம் ஒரு நாள் புதூர் பேட்டைக்கும் கப்பலூர் பேட்டைக்கும் ஓர் ஊழியரை மடிக்கணினியோடு அனுப்பினால் போதும். பட்டறைக்கே வந்து, நிறுவனத்தைப் பதிவு செய்து, ஒப்பந்தம் போட்டு, ஆதாரில் என்ன திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மடீட்சியா மாதிரியான சிறுதொழில் சங்கங்களும் இதில் கைகொடுக்கலாம். பல சிறு நிறுவனங்களுக்குச் சேர்த்து இந்த எழுத்து வேலைகளை இன்னோர் அமைப்பு எடுத்துச் செய்யவும் விதியில் இடம் உண்டு. ஒவ்வொரு பட்டறைக்காரரும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பையன் நேராக அப்ரண்டீஸாகச் சேரலாம். பேரையூர்ப் பையன் மாதிரி பத்தாவதோடு நேராகப் பட்டறைக்கு வருகிறவனுக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி வேண்டும் என்கிறது சட்டம். அது சரியான விதிதான். ஃபைலிங், மார்க்கிங், அளவுக் கருவி, பாதுகாப்பு இதெல்லாம் தெரியாமல் ஓடுகிற மெஷின் பக்கம் நிறுத்தக் கூடாது. ஆனால் ஐந்தாறு பேர் பட்டறையில் அதைத் தனியாக நடத்த முடியாது. புதூர் ஐ.டி.ஐ.யில் மாலை நேர பேட்ச் ஒன்று, பேட்டைப் பிள்ளைகளுக்கென்றே, வைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! அரசு 71 ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) என்று நல்ல நல்ல மெஷின்கள் வந்திருக்கின்றன. பகல் வகுப்பு முடிந்ததும் அந்த மாதிரிக் கூடங்களைப் பூட்டி வைக்காமல், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

பட்டறையில் என்ன பெரிதாகக் கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்ரண்டீஸ் என்று பதிவானால் அவர் என்னென்ன வேலை பழகினார் என்று பதிவேடு வைக்க வேண்டும். எங்களிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அன்றன்றைக்குச் செய்த வேலையைப் பையனே எழுத வேண்டும். ராடு என்ன அளவு, என்ன ஸ்பீடு, எத்தனை கட், எத்தனை சரியாக வந்தது, எது அளவு தாண்டியது, ஏன். ஆரம்பத்தில் இரண்டு வரி எழுதவே முக்குவார்கள். கொஞ்ச காலத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், படம் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பு வராது என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் இவர்கள்.

டேப்பர் போடும் வேலை ஒன்று வந்தது, அதாவது ராடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறுத்துக்கொண்டே போகும்படி கடைவது. பெரிய விட்டம் 40 மில்லிமீட்டர், சின்ன விட்டம் 30, நீளம் 50. டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 0.1 வரும். டேன் மதிப்பு 0.1 என்றால் கோணம் ஏறக்குறைய 5 டிகிரி 43 நிமிடம். என் வீட்டுக்காரர் இதைச் சாக்பீஸால் மெஷின் மேலேயே எழுதிக் காட்டினார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான பையன் அன்றைக்கு, “டேன் தீட்டா இதுக்குத்தானா?” என்றான். பிறகு பழைய கணக்குப் புத்தகத்தை வீட்டிலிருந்து தேடி எடுத்து வந்தான். வேலையோடு சேர்ந்து வரும் படிப்பு இப்படித்தான் ஒட்டும் என்று நான் நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் பாதி நேரம் நூல் கணக்கில்தான் பேசுவார், எட்டு நூல் ஓர் அங்குலம். ஐ.டி.ஐ. பிள்ளைகள் மில்லிமீட்டரில் தொடங்கி மைக்ரானில் முடிப்பார்கள். இவர் அவர்களுக்குச் சத்தத்தையும் கைப்பதத்தையும் கற்றுத்தருகிறார், அவர்கள் இவருக்கு சி.என்.சி. புரோகிராம் காட்டுகிறார்கள். பட்டறைக்கும் இது நல்லதாகவே முடிகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு என்று சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டுத்தான் சிலர் பதிவுக்கே பின்வாங்குகிறார்கள். அப்படியானால் பதிவில்லாத பையனுக்கு அடிபட்டால் பரவாயில்லையா? எங்கள் பட்டறையில் லேத் பக்கம் நிற்பவர் முழுக்கைச் சட்டை போடக் கூடாது, கையுறை கூடாது, கையில் சாமிக் கயிறு கூடாது, கழுத்தில் சங்கிலி கூடாது. கோயில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் சில அம்மாக்களுக்கு வருத்தம் வரும். ராடைப் பிடித்துச் சுற்றும் சக்கில் ஒரு நூல் சிக்கினால் கை போய்விடும் என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பதினெட்டு முடிந்த பிள்ளைகளை வருஷம் 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலும் வங்கி மூலம் சேர்த்துவிடுகிறோம், இரண்டு லட்சம் ரூபாய் காப்பீடு. கண்ணாடி, ஷூ, முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரு ஜாப்பில் வரும் லாபத்துக்குள் அடங்கிவிடும்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். மெஷினிஸ்ட் டிரேடு முடித்தவள். அரசு ஐ.டி.ஐ.யில் படித்தபோது கல்விக் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். அந்த அளவுக்கு அரசு கைதூக்கிவிட்ட பிள்ளை, படித்து முடித்ததும் அப்ரண்டீஸ் இடம் தேடி அலைந்திருக்கிறாள். பெண்ணுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, ஆண்கள் மட்டும் இருக்கும் இடம் என்று சின்னப் பட்டறைகள் எல்லாமே தட்டிக் கழித்திருக்கின்றன. நாங்கள் பின்பக்கம் ஒரு கழிப்பறை கட்டினோம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோம், ஆறு மணிக்கு மேல் அவளை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. கீ-வே (ஷாஃப்டில் சாவிக்கான பள்ளம்) வெட்டுவதில் இப்போது அவள் வேலைக்கு நிகர் எங்கள் பட்டறையில் வேறு யாருமில்லை. அவளைக் கேட்டே ஜாப் கொண்டுவருகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவள் அப்பா மாட்டு வியாபாரம் செய்கிறவர். ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்று, மகள் மெஷின் ஓட்டுவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

சான்றிதழ் வந்தால் என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்ததும் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். மதுரை ரயில்வே ஊர் என்பதால் ரயில்வே உதாரணமே சொல்கிறேன். உதவி லோகோ பைலட் வேலைக்கு ரயில்வே தேர்வு வாரியம் கேட்கும் தகுதி, பத்தாம் வகுப்புடன் குறிப்பிட்ட டிரேடுகளில் ஐ.டி.ஐ., இல்லையென்றால் பத்தாம் வகுப்புடன் அதே டிரேடுகளில் சட்டப்படி முடித்த அப்ரண்டீஸ் பயிற்சி. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பத்தாவது படித்துவிட்டு ஒரு பட்டறையில் முறையாகப் பதிந்து தொழில் பழகியவர் ரயில் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதே பட்டறையில், அதே மேஸ்திரியிடம், பதியாமல் பழகியவர் விண்ணப்பிக்க முடியாது. எங்களிடம் பதிந்து பழகிய ஐ.டி.ஐ. பையன் ஒருவன் இப்போது ஓசூரில் சி.என்.சி. ஆபரேட்டர். அவனை யாரும் லோடிங் பக்கம் அனுப்பவில்லை.

மேலே படிக்கும் வழியும் அடைபட்டுவிடாது. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டால் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று அழுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி, பிள்ளைக்கு மனசில்லாத படிப்பில் சேர்த்து, அரியரோடு வீட்டில் உட்கார வைத்திருக்கும் வீடுகளையும் பார்க்கிறேன். பட்டறை வழியாகப் போனால் நான்கு வருஷம் தாமதமாகலாம். ஆனால் அந்த நான்கு வருஷமும் கையில் சம்பளமும் தொழிலும் இருக்கும்.

பெரிய கம்பெனிகளைப் பற்றியும் ஒரு விஷயம். சில இடங்களில் வருஷா வருஷம் புது பேட்ச் எடுத்து, ஒரே மெஷினில் பட்டன் அழுத்த வைத்து, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் 2014 திருத்தத்துக்குப் பிறகு, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுத்து வைத்திருக்க வேண்டும். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், நேராக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற அப்ரண்டீஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. முகாமுக்குப் போகிற பிள்ளைகள் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்னென்ன வேலை சொல்லித் தருவீர்கள்? தேர்வுக்கு அனுப்புவீர்களா? முடிந்த பிறகு எங்களை எடுப்பது பற்றி உங்கள் கொள்கை என்ன? பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியில் சேருவதற்கு முன்னால் யோசியுங்கள்.

என் அப்பா காலத்தில் டி.வி.எஸ்.ஸில் அப்ரண்டீஸ் என்று சொன்னால் போதும், மதுரையில் நம்பிப் பெண் கொடுத்தார்கள். அங்கே போனவன் ஒரு தொழிலோடு திரும்புவான் என்பது ஊருக்கே தெரியும். அந்த நம்பிக்கையைச் சின்னப் பட்டறைகளும் சம்பாதிக்க முடியும். அதற்கு நாங்கள் முதலில் பிள்ளைகளின் பெயரை ஏட்டில் ஏற்ற வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் செய்தி போடும்போது, நான்கு பேர் முதல் வேலை செய்யும் சிறு நிறுவனங்களும் அப்ரண்டீஸ் எடுக்கலாம் என்ற ஒரு வரியையும், உதவித்தொகையில் அரசின் பங்கு உண்டு என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள். பட்டறை டீக்கடையில் உங்கள் பேப்பர் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. இணையதளத்துக்குப் போகாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேரும்.

புதூர் பேட்டையில் இருக்கும் பட்டறைக்காரர்கள் யாராவது பதிவு செய்ய நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பட்டறையில் கூட உட்கார்ந்து விவரங்களை ஏற்றித்தர நான் தயார். லேத் பட்டறை அக்கா என்று கேட்டால் பேட்டை டீக்கடையில் வழி சொல்வார்கள். பட்டறையின் உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்று, பான் கார்டு, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது, வங்கிக் கணக்குப் புத்தகம் கொண்டு வாருங்கள். பையனோ பெண்ணோ, அவர்களுடைய ஆதார், மதிப்பெண் பட்டியல், ஐ.டி.ஐ. சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைத்த செல்போன் ஆகியவையும் வேண்டும். ஓ.டி.பி. அந்த செல்போனுக்குத்தான் வரும், அதனால் பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள். இனிஷியல் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோ.புதூர், மதுரை.